முன்கூட்டிய சாட்சி

ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில், ஒரு அமெரிக்கச் சபையின் கூடைப்பந்து ஹாலில், ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியம் கூடுகிறது. அமெரிக்கர்கள் காலை ஆராதனையை முடித்து, காபி குடித்து, வீட்டுக்குப் போன பிறகு நம்மவர்கள் வருவார்கள். இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர், தமிழ் பேசத் தெரியாமல் தமிழ்ப் பாட்டுக்குக் கைதட்டும் பிள்ளைகள் என்று எல்லாரும் உண்டு. சபையில் ஆள் அதிகமில்லை. கமிட்டிகளுக்குக் குறைவில்லை. வரவேற்புக் கமிட்டி, உபசரிப்புக் கமிட்டி, சந்திப்புக் கமிட்டி, வாகனக் கமிட்டி, மைக் கமிட்டி, இவை எல்லாம் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்ப்பதற்காகக் கூடும் கமிட்டி. புதுக் குடும்பம் வந்தால் முதலில் கைகொடுப்பார்கள், அப்புறம் கேக் கொடுப்பார்கள், கேக்கை விழுங்குவதற்குள் ஒரு கமிட்டியும் கொடுத்துவிடுவார்கள்.

ஹெப்சிக்குக் கிடைத்தது குழந்தைப் பராமரிப்புக் கமிட்டி. ஆராதனை நேரத்தில் பக்கத்து அறையில் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்து உட்காரவைப்பது அதன் வேலை. தலைவியும் அவள்தான், உறுப்பினரும் அவள்தான். இதனால் சபைக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு பிரசங்கமும் முழுதாகக் கேட்டதில்லை. இது ஒரு சலுகை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஹெப்சிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். ஒரு இன்சூரன்ஸ் மென்பொருள் கம்பெனியில், வீட்டிலிருந்தே வேலை. டீமில் இருப்பவர்கள் வேறு வேறு மாநிலங்களில் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக வந்துபோவார்கள். கணவன் ஜெயசீலன், தன் அப்பாவின் அடக்கத்துக்கென்று ஊருக்குப் போனவன், விசா முத்திரைக்காக அங்கேயே மாட்டிக்கொண்டான். தூதரகத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டால் அதற்கும் காத்திருக்கச் சொன்னார்கள். மகள் ஷெரினுக்கு ஒன்பது வயது, அம்மா தமிழில் கேட்பதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்வாள். காராஜில், விற்றுவிட்ட ஜெயசீலனின் கார் நின்ற இடம் காலியாக இருப்பதைச் சந்திப்புக் கமிட்டி ஒருநாள் வந்து பரிவோடு பார்த்தது. மறுவாரம் ஐக்கியத்தின் மடக்கு மேசைகளையும் பிரியாணி அண்டாக்களையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். காராஜ் கதவைத் திறக்கும் ரகசிய நம்பர் அன்றிலிருந்து சபைக்கே தெரியும்.

பகலெல்லாம் திரையோடு பேசுவாள். சாயங்காலம் ஷெரினை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய், காரிலேயே உட்கார்ந்து ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதி, வந்து சமைத்து, சிங்க்கைக் கழுவி முடிக்கும்போது ஒன்று தோன்றும். இன்றைக்கு வளர்ந்த ஆள் ஒருவர்கூட என் பக்கத்தில் உட்காரவில்லையே என்று. அழுகை வராது. ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இப்படியிருக்கும்போதுதான் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், எடுத்துப் பரிசோதித்துவிடுவது நல்லது, தள்ளிப்போட வேண்டாம் என்றார். மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரே நிபந்தனை, தெரிந்தவர் ஒருவர் கூடவே இருந்து, முடிந்ததும் அவளைக் காரில் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். டாக்ஸியில் போகிறேன் என்று கேட்டுப்பார்த்தாள். டாக்ஸிக்காரர் தெரிந்தவர் ஆகமாட்டார் என்றுவிட்டார்கள்.

பேர்லேண்டில் பால் வாங்குவதற்கும் கார் வேண்டும். ஆனால் கார் ஓட்டத் தெரிந்த அத்தனை பேரில் தனக்குத் தெரிந்தவர் யார் என்று ஹெப்சி யோசித்தாள். சபைதான் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, காபி மேசைக்குப் பக்கத்தில் ஐக்கியத்தின் செயலாளர் அல்பிரட்டைப் பிடித்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர். எதையும் இழுத்துப் பிடித்துச் செய்வார் என்று பெயர்.

"அண்ணா, ஒரு ஹெல்ப். அடுத்த மாசம் எனக்கு ஒரு சர்ஜரி. கூட ஒருத்தங்க வந்து, முடிஞ்சதும் வீட்டுக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிட்டு வரணும். இல்லைன்னா பண்ண மாட்டாங்களாம்."

அல்பிரட்டின் முகம் மலர்ந்துவிட்டது. "பிள்ளை, இதுக்குத்தானே சபை இருக்குது! எங்கட ஐக்கியத்தில ஒருத்தரும் தனிய இல்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் இதைக் கமிட்டிக்குக் கொண்டுபோறன்."

"கமிட்டி எதுக்குண்ணா? ஒரே ஒரு ஆள் போதும்."

"ஒரு ஆள் வந்தால் அது தனிப்பட்ட உதவியாப் போயிடும் பிள்ளை. சபை செய்தது எண்டு ஆருக்குத் தெரியும்?"

கமிட்டி ஜூமில் கூடியது. ஹெப்சியையும் கூப்பிட்டிருந்தார்கள். வாகனக் கமிட்டித் தலைவர் சயந்தன், ஏழு பேர் உட்காரும் வண்டி வைத்திருப்பவர், தங்கள் பொறுப்பு வெளியூர்ப் பிரசங்கிமார்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவருவது மட்டுமே என்று வருத்தத்தோடு சொன்னார். ஹெப்சி பிரசங்கி இல்லை, ஆஸ்பத்திரி ஏர்போர்ட்டும் இல்லை. சரி, ஒரு விலக்கு கொடுக்கலாம் என்றார் அல்பிரட். ஆனால் ஒரு சகோதரன் தனியாக ஒரு சகோதரியைக் காரில் அழைத்துப்போவது சபையின் நற்பெயருக்கு, அதாவது சாட்சிக்கு, கேடு. சகோதரிகளில் பாதிப்பேர் ஃப்ரீவே நெடுஞ்சாலையில் ஓட்டமாட்டார்கள், மீதிப்பேர் வேலைக்குப் போகிறார்கள். ஆகவே கணவனும் மனைவியுமாகப் போவதே ஒழுங்கு. கணவனும் மனைவியும் போனால் அவர்கள் பிள்ளைகளை யார் பார்ப்பது? அதற்குக் குழந்தைப் பராமரிப்புக் கமிட்டி இருக்கிறது என்று யாரோ நினைவூட்டினார்கள். எல்லாருக்கும் நிம்மதி வந்தது. அன்றைக்கு உங்களால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ஹெப்சியைக் கேட்டார்கள்.

"அன்னைக்கு எனக்குத்தானே சர்ஜரி?" என்றாள் ஹெப்சி.

அது ஒரு சிக்கல்தான் என்று ஒத்துக்கொண்டு, ஜெபித்து, கூட்டத்தை முடித்தார்கள்.

அடுத்தது வாட்ஸாப். பெண்கள் ஐக்கியத் தலைவி பத்மராணி அம்மா குழுவில் ஜெபக் குறிப்புப் போட்டார். இவர் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர், பெண்கள் விஷயம் எதுவும் இவரைத் தாண்டிப் போகாது. 'நமது சகோதரி ஒருவரின் சரீர பெலவீனத்துக்காக' என்று கண்ணியமாக எழுதியிருந்தார். பத்து நிமிஷத்துக்குள் அந்தச் சகோதரி யார், என்ன பெலவீனம், எந்தப் பக்கம் என்பது முழுக்கத் தெரிந்துவிட்டது. கூப்பிய கை எமோஜிகள் வந்து குவிந்தன. மஞ்சள் பாலை ஒருத்தி சிபாரிசு செய்தாள், இன்னொருத்தி பப்பாளி இலையை. அந்தக் கைகளுக்கு நடுவே தர்சனா என்கிற பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், 'அக்கா, அண்டைக்கு எனக்கு ஷிஃப்ட் இல்லை. நான் வாறன்' என்று போட்டாள்.

ஹெப்சி அதை மூன்று தடவை வாசித்தாள். பதில் எழுதுவதற்குள் பத்மராணி அம்மா எழுதினார்: 'அன்பான சகோதரிகளே, தயவுசெய்து தனித்தனியே முடிவெடுக்க வேண்டாம். கமிட்டி ஒழுங்கு செய்யும்.' தர்சனா தன் செய்தியை அழித்துவிட்டாள். ஹெப்சி தனியாக அவளைக் கூப்பிட்டபோது, "கமிட்டி பாக்குமாமே அக்கா, நான் பிறகு வேற ஷிஃப்டுக்கு ஓம் சொல்லிட்டன்" என்றாள். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். ஹெப்சிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

ஒரு நர்ஸ் லீவு நாளில் வருகிறேன் என்றபோது தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் அப்படிச் சுலபமாகத் தீர்ந்தால் ஐக்கியம் என்னத்துக்கு? ஹெப்சியின் கஷ்டத்திலிருந்து சபை ஒரு பெரிய உண்மையைக் கண்டெடுத்தது. வேலைக்குப் போகும் பெண்களின் பாரம் அதிகம். உடனே 'வேலையும் வீடும்: சமநிலை காக்கும் சகோதரி' என்று ஒரு கருத்தரங்கு அறிவித்தார்கள். சமையல் பொறுப்பை, சம்பந்தப்பட்டவர்கள் என்கிற முறையில், வேலைக்குப் போகும் சகோதரிகளே ஏற்றுக்கொள்ளட்டும் என்று முடிவானது. ஹெப்சிக்குக் கட்லட். ஆபீஸில் ஒரு புது மென்பொருள் வெளியீட்டு வேலை தலைக்குமேல் இருக்க, மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு உருளைக்கிழங்கு பிசைந்தாள். கட்டி இருக்கிற பக்கத்துக் கை வலித்தது. அது கட்லட்டால் வந்த வலியா, கட்டியால் வந்த வலியா என்று பயந்துகொண்டே உருட்டினாள்.

கருத்தரங்கில் முக்கியப் பேச்சாளர் அல்பிரட். பெண்களைப் பற்றி ஒரு ஆண் பேசுவதுதான் நடுநிலை என்று அவரே தீர்மானித்திருந்தார்.

"என்ர மனுசி நாற்பது வருசம் வேலைக்குப் போனவ," என்று தொடங்கினார். "ஒருநாளும் எனக்குக் காலமைச் சாப்பாடு பிந்தினதில்லை. எப்பிடிச் சமாளிச்சவ எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் கேட்கேல்லை? நம்பிக்கை! அவவில எனக்கு அவ்வளவு நம்பிக்கை! கணவன்மாரே, உங்கட மனைவிமாரிட்ட உதவி வேணுமோ எண்டு கேட்டு அவையளைச் சங்கடப்படுத்தாதேங்கோ. மனசார நம்புங்கோ."

ஆண்கள் பக்கம் பலத்த கைதட்டல். பெண்கள் பக்கம் காலியாக இருந்தது. அவர்கள் பின்னால் சமையலறையில் கட்லட்டைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சர்ஜரிக்கு முந்திய ஞாயிறு, வருஷாந்த ஸ்தோத்திரப் பண்டிகை. அந்த வருஷம் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்லிச் சபையார் மேடையேறிச் சாட்சி சொல்வது வழக்கம். கிரீன் கார்டு கிடைத்தவர், வீட்டுக்கடன் வட்டி குறைந்தவர், மகனுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தவர் எல்லாரும் இருந்தார்கள். வியாதியிலிருந்து சுகமானவர் மட்டும் அந்த வருஷம் அகப்படவில்லை. அதோடு டல்லஸிலிருந்து ஒரு பெரிய பிரசங்கியார் வேறு வருகிறார். பத்மராணி அம்மா சனிக்கிழமை ஹெப்சிக்குப் போன் செய்தார்.

"பிள்ளை, நாளைக்கு நீங்கள் சாட்சி சொல்ல வேணும்."

"எதுக்கு ஆன்ட்டி?"

"உங்கட சுகத்துக்கு."

"சர்ஜரி செவ்வாய்க்கிழமைதான் ஆன்ட்டி. இன்னும் எதுவும் ஆகல."

"அடுத்த ஸ்தோத்திரப் பண்டிகை இனி வாற வருசம்தானே? அதுவரைக்கும் ஆண்டவரைக் காக்க வைக்கலாமோ? விசுவாசத்தில முன்கூட்டிச் சொல்லுங்கோ. நடந்து முடிஞ்ச மாதிரியே சொன்னால்தான் சபைக்கு எழுப்புதல் வரும்."

ஹெப்சி வெட்கத்தை விட்டு, "ஆன்ட்டி, செவ்வாய்க்கிழமை நீங்க என்கூட வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"முதல்ல சாட்சியைச் சொல்லுங்கோ. பிறகு நான் வராமல் ஆர் வாறது?"

அந்த வார்த்தைக்காக ஹெப்சி மேடையேறினாள். ஜெயசீலனுக்கு மிகவும் பிடித்த நீலப் பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள். கட்டி போய்விட்டது, டாக்டர்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், சபையார் ஒருவர்கூட என்னைத் தனியாக விடவில்லை என்று, நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னாள். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அது ஆவியின் அசைவு என்று டல்லஸ் பிரசங்கியார் அறிவித்தார். ஹால் முழுக்க எழுந்து நின்றது. கீழே இறங்கியதும் ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடித்தார்கள், சிலர் அழுதார்கள். பெரியவர்கள் யாராவது தன்னைத் தொட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதனால் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்?

திங்கட்கிழமை மதியம், இரண்டு மீட்டிங்குக்கு நடுவில், பத்மராணி அம்மாவுக்குப் போன் போட்டாள். "ஆன்ட்டி, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அங்க இருக்கணும். நான் வந்து உங்களைப் பிக்கப் பண்ணிக்கவா?"

"எங்க போறதுக்குப் பிள்ளை?"

"சர்ஜரிக்கு ஆன்ட்டி."

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. "நேற்றுத்தானே எல்லாருக்கும் முன்னால சுகமாகிட்டன் எண்டு சொன்னீங்கள். இண்டைக்கு உங்களை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறதை ஆராவது கண்டால் என்ன நினைப்பினம்? உங்கட சாட்சி பொய் எண்டு ஆகிடும். டல்லஸ் ஐயா தன்ர சானல்ல வீடியோவும் போட்டிட்டார். இனி உங்கட பேர் ஜெபக் குறிப்பில இல்லை. ஸ்தோத்திரக் குறிப்புக்கு மாத்தியாச்சு."

"ஆனா கட்டி இருக்கு ஆன்ட்டி."

"அவிசுவாசமாக் கதையாதேங்கோ பிள்ளை."

போனை வைத்த பிறகு ஹெப்சி இன்னும் சிலரைக் கூப்பிட்டாள். எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனாள். குப்பைத்தொட்டியை வைக்க வரும்போது கையசைக்கும் வெள்ளைக்காரர், பெயர் தெரியாது. மணியை அழுத்தியதும் மணியே பேசியது. இப்போது யாரும் கதவுக்கு வர இயலாது, செய்தியைச் சொல்லவும் என்றது. மார்பில் கட்டி என்று ஒரு கதவுமணியிடம் எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டாள். ஜெயசீலன் வீடியோவில் அழுதான். அவனைத் தேற்றுவதற்கு அரைமணி நேரம் ஆனது.

செவ்வாய் காலை ஷெரினைப் பள்ளி தொடங்குமுன் நடக்கும் பிள்ளைப் பராமரிப்பில் விட்டுவிட்டுத் தானே காரை ஓட்டிக்கொண்டு போனாள். கூட வருபவர் வந்துகொண்டிருக்கிறார் என்று வரவேற்பில் சொன்னாள். மயக்கம் தெளிந்த பிறகு ஏதாவது செய்துகொள்ளலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் கூட வருபவர் வந்து உட்கார்ந்தால்தான் ஆரம்பிப்பார்கள். உட்கார்ந்திருந்தாள். ஜோடி ஜோடியாக ஆட்கள் உள்ளே போனார்கள். ஒரு கிழவர் தன் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் காத்திருந்தார். அந்தக் கைப்பையைப் பார்க்கப் பார்க்க ஹெப்சிக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசியில் வரவேற்பிலிருந்த பெண் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேல் காத்திருக்க முடியாது, டாக்டருக்கு அடுத்த நோயாளி இருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னாள். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இருக்கிறது, போட்டுவிடட்டுமா என்றாள். "உங்களுக்குச் சபை ஏதாவது இருக்கிறதா, கண்ணே? இந்த மாதிரி விஷயத்துக்குச் சபைக்காரர்கள் உடனே ஓடிவருவார்கள்" என்றும் சொன்னாள்.

"இருக்கிறது" என்றாள் ஹெப்சி.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. அவள் வீட்டு வாசலில் சயந்தனின் ஏழு பேர் வண்டி. காராஜ் கதவு திறந்திருந்தது, மடக்கு மேசைகளைக் காணவில்லை. உள்ளே பாட்டுச் சத்தம். என்னமோ ஏதோ என்று ஓடினாள்.

ஹாலில் நாற்பது பேராவது இருக்கும். அவளுடைய சுகத்துக்காக, அவள் வீட்டிலேயே, ஸ்தோத்திர வீட்டு ஜெபம். அவளை ஆச்சரியப்படுத்துவதற்கென்று ரகசியமாக ஏற்பாடு செய்திருந்தார்கள். ஹெப்சியின் சர்ஜரி நாளை எல்லாரும் முன்பே குறித்துவைத்திருந்ததால், ஆபீஸில் லீவு கிடைப்பது சுலபமாக இருந்ததாம். ஃப்ரீவேயில் ஓட்டாத சகோதரிகளும் ஃப்ரீவேயில் வந்திருந்தார்கள். எல்லாரும் கைகளை மேலே உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தா வந்திட்டா!" என்றார் அல்பிரட். "பாருங்கோ, தானே கார் ஓட்டிக்கொண்டு வாறா! சாகக்கிடந்த பிள்ளை!"

அல்லேலூயா என்றது ஹால்.

"நான் சாகக்கிடக்கல அண்ணா," என்றாள் ஹெப்சி. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சர்ஜரி நடக்கல. கட்டி அப்படியே இருக்கு. கூட ஆள் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

ஒன்றிரண்டு கைகள் கீழே இறங்கின. பத்மராணி அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"கத்தி படவே ஆண்டவர் விடேல்லை!" என்று கண்கலங்கிச் சொன்னார்.

இந்த முறை அல்லேலூயா இன்னும் பலமாக எழுந்தது. இறங்கியிருந்த ஒன்றிரண்டு கைகளும் மேலே போயின.

ஹெப்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வாரம் கழிச்சு இன்னொரு டேட் குடுத்திருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. என்கூட வந்து சும்மா உட்கார்ந்திருக்க யாராச்சும் ஒருத்தங்க வேணும். வர்றவங்க மட்டும் கையை அப்படியே வைங்க."

கைகள் இறங்கின. ஒரேயடியாக இல்லை, மரியாதையாக, ஒவ்வொன்றாக. ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்வதற்காக இறக்கினார், ஒருத்தி முந்தானையை இழுத்துவிடுவதற்காக, சயந்தன் போனை எடுப்பதற்காக. பத்மராணி அம்மாவின் கை கண்ணைத் துடைத்துவிட்டு மேலே திரும்பவில்லை. கடைசிவரை மேலே நின்றது அல்பிரட்டின் கைதான். ஹெப்சி அவரையே பார்த்தாள்.

"ஒரு யோசனை," என்றார் அல்பிரட், கையை இன்னும் உயர்த்தி. "இதுக்கெண்டே தனியா ஒரு கமிட்டி போட்டால் என்ன?"

ஆமோதித்து எல்லாரும் தலையாட்டினார்கள். பெரிய பாரம் இறங்கினாற்போல ஹாலில் பேச்சு கிளம்பியது. சமையலறையிலிருந்து யாரோ, "ஹெப்சி, டீக்குச் சீனி எங்க வச்சிருக்கிறீங்கள்?" என்று குரல் கொடுத்தார்கள்.

ஹெப்சி போய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாரும் கிளம்புங்க," என்றாள். இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் நம்பினார்கள். பிள்ளை களைத்துப்போயிருக்கிறாள், பாவம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, செருப்பைத் தேடி, மேசைகளை மடக்கிப் பழையபடி காராஜில் வைத்துவிட்டு, கார் காராகப் போனார்கள்.

கடைசிக் காரும் போன பிறகு ஹெப்சி உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் நாற்பது பேர் நின்ற இடம். அவர்கள் இருந்தபோதும் அவளுக்கு இப்படித்தான் இருந்தது. இப்போது சத்தம் மட்டும் இல்லை.